காவல்காரனின் தூக்கம்

வெனிஸ், 1774 பிப்ரவரி 9

எர்சிலியா,

நீ போய் ஆறு நாளாகிவிட்டது. பெட்டி இல்லை, பச்சைச் சால்வை இல்லை. அடுப்பு மேட்டில் உன் காப்பிக் கிண்ணம் மட்டும் கழுவிக் கவிழ்த்தபடி இருக்கிறது. ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா? கீழ் வீட்டு மீன்காரம்மா நேற்றே ஆரம்பித்துவிட்டாள். "ஏன்யா, துருக்கன்கிட்ட இருந்து திரும்பி வந்தவ உங்கிட்ட இருந்து ஓடிட்டாளா?" என்று கால்வாய் முழுக்கக் கேட்கும்படி கத்துகிறாள். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அங்கோனாவில் உன் அக்கா பிரிஜிதா வீட்டில்தான் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். வேறு எங்கே போவாய்?

நாடகத்துக்கு வந்தாயாமே. மூன்றாம் நாள், மேல் மாடத்தில், முகமூடியோடு தனியாக உட்கார்ந்திருந்தாய் என்று வாசல்காரன் சொன்னான். திருவிழாக் காலத்தில் ஊரே முகமூடி போட்டுக்கொண்டு திரிகிறது, ஆனால் உன் நடையை அவன் கண்டுபிடித்துவிட்டான். சரி, ஒப்புக்கொள்கிறேன். மாவு ஆலைக்காரன் கதை எழுதுகிறேன் என்று நான் உன்னிடம் சொன்னது பொய். ஆனால் துனிஸில் நான்கு வருஷம் அடிமையாக நீ பட்டதை நான் கேலி செய்துவிட்டதாக நினைக்காதே. அந்தப்புரத்தில் அடைபட்ட செலிந்தா, அவளைத் தேடிக் கடல் தாண்டி வரும் தோரிந்தோ, கடைசியில் இருவரும் கைகோத்து வீடு திரும்புகிறார்கள். இதில் என்ன குற்றம்? ஊரே இந்த மாதிரி நாடகத்துக்குத்தான் அலைகிறது. தொன்னினோ ஆடும் காவல்காரன் புர்பூக் குடித்துவிட்டு உருண்டு விழுகிற காட்சியை மட்டும் மூன்று முறை திரும்ப ஆடச் சொன்னார்கள். அவன் குறட்டையிலேயே ஒரு பாட்டுப் பாடுகிறான், தெரியுமா? கூத்தரங்கத்தின் சொந்தக்காரரே எழுந்து நின்று கை தட்டினார்.

எனக்கு முதல் வெற்றி, எர்சிலியா. அன்று வீட்டுக்கு வந்து உன்னிடம் சொல்லலாம் என்று ஓடி வந்தேன்.

ஃபுல்வியோ

*

அங்கோனா, 1774 மார்ச் 2

பெருங்கவிஞர் ஃபுல்வியோ அவர்களுக்கு,

உங்கள் வெற்றிக்கு வாழ்த்து. நான் அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். மீன்காரம்மாவிடம் அப்படியே சொல்லுங்கள்.

எந்த இடத்தில் எழுந்து போனேன் என்று வாசல்காரன் சொன்னானா? செலிந்தா பட்டு மெத்தையில் சாய்ந்து அழுதாளே, அப்போது இல்லை. எனக்கு மெத்தை இல்லை, கம்பளி மூட்டைதான் இருந்தது; நாளெல்லாம் சிக்கெடுத்து விரல் நுனி வெடித்தது. போகட்டும், மேடைக்கு மெத்தை வேண்டியதுதான் என்று பொறுத்துக்கொண்டேன். தோரிந்தோ தோட்டக்காரன் வேஷத்தில் வந்து குதித்தபோதும் எழவில்லை. என்னைத் தேடி யாரும் வரவில்லை என்பது எனக்குத் தெரியும், அதற்காக மேடையில் ஒருவன் வரக்கூடாதா என்று நினைத்துக்கொண்டேன். புர்பூக் உருண்டு விழுந்தபோதுதான் எழுந்தேன்.

அவர் பெயர் மர்சூக். அந்த வீட்டுப் பெண்கள் வாசலுக்குக் காவல். அறுபது வயதிருக்கும். சின்ன வயதில் பாலைவனத்துக்கு அப்பாலிருந்து பிடித்து வந்து விற்கப்பட்டவர், என்னைப் போலவே அங்கே அடிமை. ஒரு சொட்டுக் குடித்து நான் பார்த்ததில்லை.

உங்களுக்குத் தெரியாத கதையா இது? ஆனாலும் மறுபடி எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் வேறு மாதிரி எழுதிவிட்டீர்கள். வீட்டுப் பெரியம்மாவுக்கு என் பாட்டுப் பிடித்துப்போனது, அதுதான் எனக்கு வினையாயிற்று. அடிமைகளை மீட்கும் துறவிகள் முதல் முறை வந்தபோது என்னை உள்ளறையில் மறைத்து வைத்தாள். இரண்டாம் முறை வந்தபோது மர்சூக் தானே அவர்கள் தங்கிய இடத்துக்குப் போய், "இன்னொருத்தி இருக்கா, ஒளிச்சு வச்சிருக்காங்க" என்று சொன்னார். மறுநாள் நல்ல மத்தியானம். வெயிலுக்குப் பயந்து வீடே உள்ளே படுத்துக் கிடந்தது. அவர் வாசல் கதவைத் திறந்து வைத்தார். வழியை விட்டு ஓரமாகப் படுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். நான் அவர் காலைத் தாண்டி வெளியே, துறவிகள் இருந்த பக்கம் நடந்தேன். தாண்டும்போது அவர் இமை துடித்ததைப் பார்த்தேன்.

இதை உலகத்தில் உங்கள் ஒருவரிடம்தான் சொன்னேன். நம் சமையலறையில், பட்டாணி உரித்துக்கொண்டே. "அவரு தூங்கலைங்க" என்று சொன்னபோது என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள், கண் கலங்கினீர்கள். அடுத்த நாள் மேசையில் உட்கார்ந்து அவருக்குச் சாராயம் ஊற்றிக் கொடுத்திருக்கிறீர்கள்.

அந்தத் தூக்கத்துக்காக அவரைக் கல்லுடைக்கும் குழிக்கு அனுப்பிவிட்டார்களாம். அந்தத் துறவிகளில் ஒருவர், தியோஃபிலோ, எழுதியிருந்தார். நான் சூப்பில் கரண்டியை வைக்கும்போதெல்லாம் அந்த ஞாபகம்தான் வருகிறது.

எர்சிலியா

*

வெனிஸ், 1774 மார்ச் 21

எர்சிலியா,

கல்குழி விஷயம் எனக்குத் தெரியாது. என் அம்மா மேல் ஆணையாகத் தெரியாது.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. தூங்குவது போல் நடிக்கிற ஆளைப் பார்த்து யார் சிரிப்பார்கள்? நான் சோக நாடகம் எழுதும் கவிஞன் இல்லையே. "சிரிப்பு கொண்டா, இல்லைன்னா வீட்டுக்குப் போ" என்று சொல்லித்தான் எனக்குத் தாளும் மையும் தருகிறார்கள். அந்த மனிதரின் பெயரை எங்கேயாவது போட்டேனா? யாருக்கு என்ன நஷ்டம்?

தோரிந்தோவைக் குத்திக் காட்டியிருக்கிறாய். பக்கத்துத் தீவு முரானோவுக்குப் போகிற படகிலேயே வாந்தி எடுக்கிற ஆள் நான் என்று கல்யாணத்துக்கு முன்பே உனக்குத் தெரியும். நான் துனிஸுக்கு எங்கே வர? ஆனால் காத்திருந்தேன். நீ கிடைப்பாய் என்று ஒரு நாள் தவறாமல் காத்திருந்தேன். மீண்டு வந்தவர்கள் வெள்ளை உடுத்தி ஊர்வலமாக வந்த அன்று, கூட்டத்தில் முதல் ஆளாய் நின்றவன் யார்? அதையாவது எனக்கு மிச்சம் வை.

இன்னொரு சேதி. சொன்னால் கோபம் கூடுமோ குறையுமோ தெரியவில்லை. சேனிகாலியா சந்தைக் காலத்தில் நம் நாடகத்தைப் போடுகிறார்கள். செலிந்தாவாக நீதான் வேண்டுமாம். "நெசமாவே துனிஸ்ல இருந்து வந்த பொம்பளை பாடினா சந்தையே இங்க வந்து நிக்கும்" என்று அதை நடத்துகிற ஸனோபி என்னிடம் சொன்னார். எனக்கே கூசியது. ஆனால் நீ ஐந்து வருஷமாக மேடை ஏறவில்லை. உன் குரலுக்கு ஒரு மேடை வேண்டும். உன் பெட்டிப் பாட்டை, நீயே கொண்டுவரும் சொந்தப் பாட்டை, நாடகத்தில் எங்கே வைத்தாலும் நான் குறுக்கே வரமாட்டேன், எழுதியே கொடுக்கிறேன்.

ஃபுல்வியோ

*

சேனிகாலியா, 1774 ஆகஸ்ட் 2

கவிஞருக்கு,

பாடினேன். பிழைப்புக்காகவும் பாடினேன், இன்னொன்றுக்காகவும்.

ஊர் ஊராகப் போகும் பாடகிகள் எல்லோரும் சொந்தப் பாட்டு ஒன்றிரண்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போகிறோம், எந்த நாடகமானாலும் நடுவே சொருகிக்கொள்கிறோம். அந்த உரிமையை வைத்து ஒரு காரியம் செய்யலாம் என்று நினைத்தேன். கடைசிக் காட்சியில் செலிந்தாவின் குதூகலப் பாட்டை எடுத்துவிட்டு, நானே வார்த்தை கட்டிய பாட்டை வைத்தேன். "கதவருகே கண்மூடிக் கிடந்தவரே, நீர் தூங்கவில்லை என்று நான் அறிவேன்" என்று ஆரம்பம். நான்கு மாதம் பழகினேன். அக்காவுக்குப் பாடிக் காட்டியபோது அவள் மாவு பிசைந்த கையோடு அப்படியே நின்றாள்.

முதல் நாள் பாட ஆரம்பித்ததும் சனங்கள் எழுந்து சர்பத் வாங்கப் போனார்கள். மாடத்தில் சீட்டாட்டம். பெட்டிப் பாட்டின் வார்த்தையை யார் கேட்கிறார்கள்? தொண்டை எவ்வளவு உயரம் போகிறது என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். இரண்டாம் நாள் அதைவிட மோசம். எனக்குப் பின்னால் தரையில் புர்பூக்காகத் தூங்கிக் கிடந்த தொன்னினோ, பாட்டு தொய்வதாக நினைத்து எனக்கு உதவி செய்தான். ஒவ்வொரு அடிக்கும் ஒரு குறட்டை. கொட்டகை அதிர்ந்தது. திரை விழுந்ததும் ஓடி வந்து, "எப்படிக்கா? தூக்கி நிறுத்திட்டேன்ல?" என்று கேட்டான். பாவம், அவனுக்கு என்ன தெரியும். நான் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து அழுதேன்.

இப்போது கேளுங்கள், இந்தக் கடிதமே இதற்காகத்தான். துறவி தியோஃபிலோ சந்தையில் காணிக்கை திரட்ட வந்திருக்கிறார். என்னைப் பார்க்க வந்தார். பேச்சுவாக்கில், முதல் முறை வந்தபோது என்னைப் பெரியம்மா ஒளித்துவிட்டதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "அது காரணம் இல்லம்மா. பட்டியல்ல பேர் இருந்தா நாங்க வீடு வீடா போய் ஆளைக் காட்டுன்னு கேப்போம். யாரும் ஒளிக்க முடியாது. உன் பேர் இருந்துச்சு, ஆனா அடிச்சிருந்துச்சு. உங்க பங்குக் கோயில்ல உனக்குச் செத்தவங்க பூசை வச்சிட்டாங்க. செத்தவங்க ஏட்டுல பேர் ஏறினா சிறைப்பட்டவங்க ஏட்டுல அடிச்சிடுவாங்க" என்றார்.

அந்தப் பூசையை வைத்தது யார்? வேறு எவராவது என்று எழுதுங்கள். நம்புகிறேன்.

எர்சிலியா

*

வெனிஸ், 1774 ஆகஸ்ட் 19

எர்சிலியா,

பத்து நாளாக இந்தத் தாளை எடுக்கிறேன், வைக்கிறேன்.

நான்தான்.

நீ போன கப்பலைக் கொள்ளையர் பிடித்துப் பதினாறு மாதம். ஒரு வரி வரவில்லை. அந்தக் கப்பலிலிருந்து மீண்ட கொத்தனார் ஒருவர், சண்டையில் பெண்கள் இருந்த பக்கம்தான் தீப்பிடித்தது என்றார். பங்குச் சாமியார் எவரிஸ்தோ நல்ல மனிதர். "பூசை இல்லாம ஆத்மா தவிக்கும்பா. உயிரோட இருந்தா அந்தப் பூசை அவளுக்கு ஆசீர்வாதமாப் போகும், ஒண்ணும் கெட்டுப்போகாது" என்றார். இரண்டு ஏடும் ஒரே மேசையில் இருக்கும் என்பதோ, ஒன்றில் எழுதினால் மற்றதில் அடிப்பார்கள் என்பதோ எனக்குத் தெரியாது. உன் மேல் உள்ள அன்பினால் செய்தேன்.

இதுவரை எழுதிவிட்டு நிறுத்தியிருக்கலாம். நேற்று இந்த இடத்தில் கையெழுத்துக்கூடப் போட்டுவிட்டேன். பிறகு கிழித்தேன்.

அன்பு மட்டும் இல்லை. எனக்கு அலுத்துப்போய்விட்டது, எர்சிலியா. காலையில் துறைமுகம், மாலையில் துறைமுகம். கடிதம் உண்டா என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். கல்யாணமானவனும் இல்லை, மனைவியை இழந்தவனும் இல்லை. யாராவது "வீட்டுல சௌக்கியமா?" என்று கேட்டால் என்ன சொல்ல? நீ செத்துவிட்டாய் என்றால் அழுது முடித்துவிடலாம் என்று தோன்றியது. பூசை முடிந்து வெளியே வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. கருப்பு உடை உடுத்தினேன். அன்று நன்றாகச் சாப்பிட்டேன். அந்த மதியச் சாப்பாட்டை நான் மறக்க முடியாமல் இருக்கிறேன்.

என் பூசையால் நீ இன்னும் இரண்டரை வருஷம் கம்பளி சிக்கெடுத்திருக்கிறாய். நான் அடித்த பெயரை அந்த மனிதர் நடந்து போய்ச் சொல்லியிருக்கிறார். அவரைத்தான் குடிகாரனாக்கினேன். இப்போது யோசித்தால், அவர் நல்லவராக மேடையில் நின்றால் தோரிந்தோ எதற்கு என்று எவனாவது கேட்டுவிடுவானோ என்று எனக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும்.

ஃபுல்வியோ

*

அங்கோனா, 1774 செப்டம்பர் 3

ஃபுல்வியோ,

படித்தேன். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதற்கு நன்றி என்று எழுதக் கை வரவில்லை.

மர்சூக்குக்காகத் துறவிகளிடம் கேட்டுப் பார்த்தேன். "நாங்க கிறிஸ்தவங்களைத்தான் மீட்கிறோம்மா, துருக்கன் ஊர்ல துருக்கன் ஆளை மீட்க எங்களுக்கு விதி இல்ல" என்றார்கள். நான் போகலாம் என்றால், என் முகம் தெரிந்த ஊர், என்னைத் திரும்ப விடமாட்டார்கள். அவருக்குக் கேட்க உலகத்தில் ஒரு நாதி இல்லை. அவர் கல்லுடைக்கிறார். உங்கள் தோரிந்தோ ஒவ்வொரு நாளும் முதல் அங்கத்திலேயே கடல் தாண்டிவிடுகிறான்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

எர்சிலியா

*

அங்கோனா துறைமுகம், 1774 அக்டோபர் 11

எர்சிலியா,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்று மட்டும்.

ரகூசா ஊர்க் கப்பல் ஒன்று எண்ணெய்ப் பீப்பாய் ஏற்ற துனிஸுக்குப் போகிறது. ரகூசாக்காரர்களைக் கொள்ளைக்கப்பல்காரர்கள் தொடமாட்டார்களாம். கப்பித்தான் மாரோவிடம் இடம் கேட்டேன். "என்ன வேலையாப் போறீங்க?" என்றார். மர்சூக்கை மீட்க என்று சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பாதி வழியில இறக்கி விடுன்னு அழுதா இறக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்றார். கரையில் கட்டியிருக்கும்போதே ஒரு முறை வாந்தி எடுத்துவிட்டேன். நாடகத்தில் வந்த பணமெல்லாம் என் இடுப்பில் இருக்கிறது, கூத்தரங்கத்துக்காரர் பரிசாகப் போட்ட மோதிரம் உட்பட.

உன் அக்கா வீட்டு வாசல் வரை வந்தேன். உள்ளே நீ யாருக்கோ பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. தட்ட வேண்டும் என்று கையை எடுத்தேன். தட்டினால் நீ தடுப்பாய், அல்லது தடுக்கமாட்டாய். இரண்டில் எது நடந்தாலும் நான் கப்பல் ஏறியிருக்கமாட்டேன்.

ஃபுல்வியோ

*

அங்கோனா, 1775 ஜனவரி 28
(துனிஸில் ரகூசா நாட்டு அலுவலர் வழியாக)

ஃபுல்வியோ,

இது கையில் சேருமோ சேராதோ.

அட மனுஷா, வாசல் வரை வந்துவிட்டுத் தட்டாமல் போவார்களா? நான் தடுத்திருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. ஒரு வாய் சூடாகச் சூப்பாவது குடித்துவிட்டுப் போயிருப்பீர்கள்.

மூன்றரை மாதமாகிறது. நவம்பரில் சிசிலிப் பக்கம் இரண்டு ரகூசாக் கப்பல் உடைந்தது என்றார்கள். பெயர் யாருக்கும் தெரியவில்லை. தினமும் துறைமுகத்துக்குப் போகிறேன். காலையில் போகிறேன், மாலையில் போகிறேன். கடிதம் உண்டா என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். நீங்கள் எழுதியது ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. அலுக்கிறது. உண்மையைத்தான் சொல்கிறேன், பதினாறு மாதம் இல்லை, மூன்றரை மாதத்திலேயே அலுக்கிறது. உங்கள் மேல் எனக்குக் கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். ஆனால் அந்த மதியச் சாப்பாடு எனக்குப் புரிகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பிரிஜிதா அக்கா மெதுவாக ஆரம்பித்தாள். "ஒரு பூசை சொல்லிடலாமேடி. எதுக்கும் இருக்கட்டும்" என்றாள். "அக்கா, அந்தப் பேச்சை எடுத்தா நான் வீட்டை விட்டுப் போயிடுவேன்" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உங்கள் பெயரை நான் எந்த ஏட்டிலும் ஏற்றப்போவதில்லை. அது வீட்டிலேயே இருக்கட்டும்.

எர்சிலியா

*

அங்கோனா, தொற்றுக்காப்பு விடுதி, 1775 ஏப்ரல் 20

எர்சிலியா,

துறைமுகத்தில் நீ நின்றதைப் பார்த்தேன். படகிலிருந்து கத்தினேன், காற்று வேறு பக்கம் அடித்தது. துனிஸிலிருந்து வருகிறவர்கள் நாற்பது நாள் இந்தச் சுவருக்குள் இருந்தாக வேண்டும், உனக்குத் தெரியாததில்லை. தொற்று நீங்க இந்தத் தாளையும் கத்தியால் குத்தி, வினிகரில் முக்கித்தான் வெளியே விடுவார்கள். எழுத்து கலைந்தால் என்னைத் திட்டாதே.

உன் கடிதம் கிடைத்தது. அதை இப்போது பேசினால் மற்றதை எழுத முடியாது.

மர்சூக் உயிரோடிருக்கிறார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். விடுதலைச் சீட்டு அவர் இடுப்பில் இருக்கிறது, நீதிபதி முன்னால் முத்திரை வைத்தது. அதற்கு நாலு மாதம் நடையாய் நடந்தேன். தரகர் என்னைக் கூட்டிக்கொண்டு போகிற இடத்திலெல்லாம், "பாருங்கய்யா, எங்க ஆளையே எங்ககிட்ட இருந்து மீட்க வந்திருக்காரு, கிறுக்குப் பிடிச்ச வெனிஸ்காரரு" என்று அறிமுகம் செய்வார். எல்லோரும் சிரிப்பார்கள். சிரிப்புக்கு நடுவில் நிற்பது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

கல்குழியில் சில்லு தெறித்து அவருக்கு ஒரு கண் போய்விட்டது. இருமல் இருக்கிறது. ஆனால் நடக்கிறார், அதட்டுகிறார். இப்போது ஒரு குளிப்பு மண்டபத்து வாசலில் செருப்புக்குக் காவல் உட்கார்ந்திருக்கிறார். "கதவுப் பக்கத்துல உக்காந்தே பழகிட்டேன், வேற எங்க போக?" என்கிறார். என்னோடு வரக் கூப்பிட்டேன். "உங்க ஊர்ல வெயில் அடிக்குமா?" என்றார். கொஞ்சம் அடிக்கும் என்றேன். "அப்ப வேணாம்" என்றுவிட்டார்.

துறைமுகத்துக் கலப்பு மொழியில்தான் பேசிக்கொண்டோம். நான் யார் என்று சொன்னதும், "பாட்டுக்காரியோட வீட்டுக்காரரா? ஏன்யா அவ்வளவு நாள் ஆச்சு?" என்று கேட்டார். நான் பூசை விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு ஆரஞ்சை உரித்துப் பாதியை என் கையில் வைத்தார். பிறகு நாடகத்தையும் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"நாடகமா? அதுல நான் இருக்கேனா?"

"இருக்கீங்க."

"என்ன பண்றேன்?"

பொய் சொல்லியிருக்கலாம், எர்சிலியா. வாய் வரை வந்தது. "குடிச்சிட்டுத் தூங்கிடுறீங்க. குறட்டை விடுறீங்க. சனங்க விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க" என்றேன்.

அவர் மற்றக் கண்ணையும் மூடிக்கொண்டு யோசித்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன்.

"கதவு?"

"திறந்து கிடக்கு."

"அந்தப் பொண்ணு வெளிய போயிடுறாளா?"

"போயிடுறா."

"தினமுமா?"

"நாடகம் நடக்குற அன்னிக்கெல்லாம்."

"அப்ப சரி. நான் தூங்கிக்கிட்டே இருக்கேன். சிரிக்கட்டும்" என்றார். பிறகு, "குடிச்சது மட்டும் வேணாம்யா. எங்க அம்மா வருத்தப்படும்" என்றார். அவருடைய அம்மா இருக்கும் ஊர் எந்தத் திசை என்றுகூட அவருக்குத் தெரியாது.

அங்கேயே செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். ஒரு கிழவர் என்னைத் தாண்டிப் போய்த் தன் செருப்பை எடுத்துக்கொண்டார்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். இரண்டாம் அங்கம், ஏழாம் காட்சி, புர்பூக் தூங்கும் இடம், மாற்றி எழுதியது. வார்த்தை கூட்டவில்லை. பெட்டிப் பாட்டை யாரும் கேட்கமாட்டார்கள் என்று நீ எழுதியது சரி, அதனால் பாட்டே வைக்கவில்லை. செய்கை மட்டும்தான். தொன்னினோ ஒப்புக்கொண்டால் போடு, இல்லையென்றால் அடுப்பில் போடு. உன் இஷ்டம்.

ஃபுல்வியோ

*

அங்கோனா, 1775 மே 6

ஃபுல்வியோ,

உங்கள் கடிதம் ஊறுகாய் மாதிரி வந்து சேர்ந்தது. வீடு முழுக்க வினிகர் வாடை. அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு படித்தாள், கடைசிப் பக்கத்தில் மூக்கை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். நான் அவளுக்குப் பிறகு மூன்று முறை படித்தேன். ஆரஞ்சு வரும் இடத்தைத் தாண்டுவதற்குள் ஒவ்வொரு முறையும் நிறுத்த வேண்டியிருந்தது.

ஈஸ்டர் முடிந்து இங்கே நம் நாடகம் நடக்கிறது. தொன்னினோ வந்திருக்கிறான். தாளைக் கொடுத்தேன். "அக்கா, சிரிப்பு போயிடும்கா. என் பொழைப்பே இந்தக் குறட்டைதான்" என்று புலம்பினான். அவனை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பட்டாணி உரித்தது முதல், குளிப்பு மண்டபத்துச் செருப்பு வரை. அவன் தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான். "நான் உங்க பாட்டுக்கெல்லாம் குறட்டை விட்டேனேக்கா" என்றான்.

நேற்று ஆடினோம். தோரிந்தோ கிண்ணத்தில் ஊற்றிக் கொடுக்கிறான். தொன்னினோ அதை வாங்கி மோந்து பார்த்து, வயிற்றைத் தடவிக்கொள்கிறான். வழக்கம்போல் உருண்டு விழப்போகிறான் என்று சனங்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். தோரிந்தோ திரும்பியதும் அவன் கிண்ணத்தை அப்படியே எலுமிச்சைத் தொட்டியில் கவிழ்த்தான். அதற்கும் சிரித்தார்கள். பிறகு நீங்கள் எழுதியபடி எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்தான். ஓரமாகப் படுத்தான். நான் வரும்வரை ஒற்றைக் கண்ணைத் திறந்து வைத்திருந்தான். அவன் காலை நான் தாண்டினேன். கண்ணை மூடினான்.

யாரும் சிரிக்கவில்லை. மாடத்தில் சீட்டு ஆடியவர்கள்கூடக் கையை அப்படியே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். முன்வரிசையில் ஒரு வியாபாரி, "அவன் தூங்கலடி" என்று பக்கத்திலிருந்த மனைவியிடம் சொன்னது மேடை வரை கேட்டது.

எனக்கு அடுத்த வரி பாட வரவில்லை. வாத்தியக்காரர்கள் ஒரு சுற்று அதிகமாக வாசித்தார்கள்.

உங்களுக்கு இன்னும் இருபத்துநாலு நாள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இரட்டைக் கம்பிக்கு வெளியே நின்று பேச விடுகிறார்கள். நடுவில் பத்தடி இடைவெளி, காவல்காரர் ஒருவர் நிற்பார். நாளைக்கு வருகிறேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. பூசையைப் பற்றி இன்னும் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது, சத்தம் போட்டுக் கேட்பேன், தயாராக இருங்கள்.

நாற்பது நாள் முடிந்து வெளியே வரும்போது நான் துறைமுகத்துக்கு வரமாட்டேன். அங்கே நின்று நின்று அலுத்துவிட்டது. வீட்டிலேயே இருப்பேன், உள்ளே அடுப்பு வேலையாக இருப்பேன். தட்டலாமா வேண்டாமா என்று வாசலில் நின்று யோசிக்காதீர்கள். கதவைத் திறந்துதான் வைத்திருப்பேன்.

எர்சிலியா